சாப்வித் கேமல் 1:33 – ஸ்ட்ரட் 7 மி.மீ. குட்டை, அச்சுத்தாள் தப்பா?

புதுக்கத்தி | ஜூன் 4, இரவு 9.40

முதல் உலகப் போர் கால இரட்டை இறக்கைப் போர் விமானம் சாப்வித் கேமல், அச்சடித்த தாளை வெட்டி ஒட்டும் காகித மாடல். உடல், வால், இரண்டு இறக்கைகள் எல்லாம் தயார். மேல் இறக்கையை உடலின் மேலிருக்கும் நான்கு குட்டை ஸ்ட்ரட்டுகளில் (தாங்கு கால்களில்) ஒட்டாமல் வைத்துப் பார்த்தேன், சரியாக உட்கார்ந்தது. ஆனால் வெளிப்பக்கம் இரண்டு இறக்கைகளுக்கும் நடுவில் நிற்கும் ஸ்ட்ரட் நான்கும் மேலே எட்டவில்லை. 7 மி.மீ.க்குக் கொஞ்சம் கூடுதலாகவே இடைவெளி. நான்கிலும் ஒரே குறை என்பதால் வெட்டியதில் பிழை இல்லை. தாளை வரைந்தவர்தான் அளவைத் தவறாகப் போட்டிருக்கிறார். நீளமாகப் புதிதாக வெட்டிக்கொள்ளப் போகிறேன். எவ்வளவு கூட்டலாம்?

கீழிறக்கை | ஜூன் 4, இரவு 10.15

வெட்டாதீர்கள். தாள் சரி. உங்கள் கீழ் இறக்கை மட்டமாக நிற்கிறது, அதுதான் பிரச்சினை.

கேமலின் மேல் இறக்கை நுனிக்கு நுனி ஒரே மட்டம். கீழ் இறக்கை மட்டும் இரண்டு பக்கமும் 5 பாகை மேல்நோக்கிச் சாயும். நுனியை நோக்கிப் போகப்போக இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளி குறுகும். முன்னால் நின்று பார்த்தால் கேமலைச் சட்டென்று அடையாளம் காட்டுவது அந்தக் குறுகல்தான்.

உடல் பக்கத்திலிருந்து ஸ்ட்ரட் நிற்கும் இடம்வரை அளந்து சொல்லுங்கள்.

புதுக்கத்தி | ஜூன் 4, இரவு 10.30

85 மி.மீ.

கீழிறக்கை | ஜூன் 4, இரவு 10.38

5 பாகைக்கு டான் மதிப்பு 0.0875. 85 × 0.0875 = 7.4 மி.மீ. உங்கள் இடைவெளி அதேதான். தாளை வரைந்தவர் கணக்குத் தெரிந்தவர்.

நுனி எவ்வளவு உயர வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அசல் விமானத்தின் இறக்கை நுனிக்கு நுனி 8.53 மீ., 33-ஆல் வகுத்தால் 258.5 மி.மீ. பாதி 129. அதை 0.0875-ஆல் பெருக்கினால் 11.3 மி.மீ.

கீழிறக்கை | ஜூன் 5, காலை 6.50

நேற்று சொன்ன 11.3 தவறு, திருத்திக்கொள்ளுங்கள். சாய்வு விமானத்தின் நடுக்கோட்டிலிருந்து தொடங்குவதில்லை, உடலின் பக்கச்சுவரிலிருந்து தொடங்குகிறது. உடலின் பாதி அகலம் சுமார் 11 மி.மீ. போக, இறக்கைத் துண்டு 118 மி.மீ. அப்படியானால் நுனி உயர்வு 10.3. ஒரு மி.மீ. வித்தியாசம்தானே என்று விட்டால் ஸ்ட்ரட் மேல் இறக்கையை நெம்பித் தூக்கும், நடுவில் வளைவு விழும்.

ஒட்டுப்பசை | ஜூன் 5, காலை 8.05

ஒன்றை மட்டமாகவும் இன்னொன்றைச் சாய்வாகவும் ஏன் வைத்தார்கள் என்று கேட்பவர்களுக்கு: தயாரிப்பு வசதிக்காக. முதலில் இரண்டு இறக்கைகளுக்கும் சம சாய்வு என்றுதான் யோசனை. சாப்வித் தொழிற்சாலையை நடத்திய ஃப்ரெட் சிக்ரிஸ்ட், மேல் இறக்கை மட்டமாக இருந்தால் செய்வது சுலபம் என்றார். அங்கே இழந்த சாய்வை ஈடுகட்டக் கீழ் இறக்கைக்கு இரட்டிப்பாக்கினார்கள். முதல் விமானம் பறந்தது 1916 டிசம்பரில். அந்த முடிவுதான் நூறு வருஷம் கழித்து இவருடைய மேசையில் 7.4 மி.மீ.யாக வந்து நிற்கிறது.

புதுக்கத்தி | ஜூன் 5, மாலை 7.20

புரிந்தது. ஆனால் கீழ் இறக்கையை ஃபெவிகால் போட்டு ஒட்டிவிட்டேன், நன்றாக இறுகிவிட்டது. உள்ளே 1 மி.மீ. அட்டைக் கட்டை ஒன்று இந்த நுனியிலிருந்து அந்த நுனிவரை நேராகப் போகிறது. அந்த அட்டையின் நடுவில் ஒரு மடிப்புக் கோடு இருந்தது. அச்சுப் பிழை என்று நினைத்து விட்டுவிட்டேன்.

கீழிறக்கை | ஜூன் 5, மாலை 7.55

அது பிழையில்லை, சாய்வுக்கான மடிப்பு. பொதுவாக உடலின் இரண்டு பக்கச்சுவர்களுக்கும் நேராக இரண்டு கோடு இருக்கும். உங்கள் தாளில் ஒன்றுதான் என்றால் வரைந்தவர் நடுவிலேயே மடிக்கச் சொல்கிறார். அப்படி மடித்தால் உடலுக்குள் போகும் பகுதியும் சாயும், உடலுக்குள் குறுக்கே நிற்கும் ஃபார்மர் அட்டையின் வெட்டு அதற்கு இடம் கொடுக்காது. பக்கச்சுவரிலேயே மடிப்பு வரட்டும்.

இப்போது பழுது பார்க்கும் வழி. இறக்கையைப் பிடுங்க வேண்டாம். நனைத்துப் பிரித்தால் உடலின் அச்சும் சேர்ந்து உரியும்.

புது பிளேடு ஒன்றை எடுங்கள். உடலும் இறக்கையும் சேரும் கோட்டில், இறக்கையின் மேல்தோலையும் உள்ளே இருக்கும் அட்டையையும் அறுக்க வேண்டும். கீழ்த்தோலைத் தொடக் கூடாது, அதுதான் கீல். ஒரே அழுத்தில் வெட்டாமல் லேசாகப் பத்துப் பதினைந்து தடவை இழுங்கள். அட்டை அறுபட்டதும் கையில் தளர்வு தெரியும், அங்கே நிறுத்துங்கள். இறக்கை அடியில் தடிமன் சுமார் 2.5 மி.மீ. 5 பாகை மடங்க மேலே நீங்க வேண்டியது வெறும் 0.2 மி.மீ. பிளேடு போன வழியே கிட்டத்தட்ட அவ்வளவு இடம் விடும், ஆப்பு மாதிரி வெட்டியெடுக்க வேண்டியதில்லை.

நுனிக்கு அடியில் 10.3 மி.மீ. உயரத் தாங்கல் வையுங்கள். 1 மி.மீ. கிரே போர்டு பத்துத் துண்டும் 160 ஜிஎஸ்எம் தாள் இரண்டும் அடுக்கினால் 10.4 வரும், அது போதும். உடல் அடியை மேசையில் மட்டமாக நிறுத்தி, தாங்கலின் உயரத்தை இறக்கை அடி மட்டத்திலிருந்து கணக்கிடுங்கள், மேசையிலிருந்து அல்ல. பிறகு வெட்டில் ஃபெவிகாலைப் பல்குச்சியால் விட்டு ஒரு ராத்திரி தொடாதீர்கள். ஃபெவி குயிக் வேண்டாம். தாளுக்குள் ஊறிக் கறுத்த வளையம் விடும், மேலே பெயிண்ட் அடித்தாலும் மறையாது.

இந்த மூட்டு பலமாக இருக்குமா என்று கவலைப்பட வேண்டாம். ஸ்ட்ரட்டும், இறக்கைகளுக்கு நடுவில் கம்பியாகக் கட்டும் நூலும் ஏறியபின் பாரத்தைத் தாங்குவது அவைதான்.

ஒட்டுப்பசை | ஜூன் 6, காலை 7.30

கவலைப்பட வேண்டாம் என்பதை நான் முழுக்க ஏற்கவில்லை. ஸ்ட்ரட் ஏறும்வரை அந்த மூட்டு தாளின் கீழ்த்தோலை மட்டும் நம்பி நிற்கிறது. மேல் இறக்கையைப் பொருத்தும்போது கை பட்டால் கீழே மடங்கும். ஒரு குண்டூசியின் தலையை நறுக்கிவிட்டு, இறக்கை அடியின் கனமான இடத்தில், முன் விளிம்பிலிருந்து 12 மி.மீ. தள்ளி, உடலுக்குள் போகுமாறு செருகுங்கள். பாதி உடலில், பாதி இறக்கையில். ஊசியை முதலில் 5 பாகை வளைத்துக்கொள்ள வேண்டும்.

கீழிறக்கை | ஜூன் 6, காலை 9.10

ஊசி நல்ல யோசனை, சேர்த்துக்கொள்ளுங்கள். செருகுவதற்கு முன் அதே கனமுள்ள ஊசியால் துளை போட்டுவிட வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே இறக்கைக்கு வடிவம் தரும் ரிப் அட்டையில் முட்டித் தோலைப் பொத்துக்கொண்டு வெளியே வரும்.

புதுக்கத்தி | ஜூன் 8, இரவு 9.00

இரண்டு பக்கமும் அறுத்து, ஊசி செருகி, தூக்கி ஒட்டினேன். இடது 10.4, வலது 10.2. ஆனால் வலது இறக்கையின் பின் விளிம்பு அலை அலையாக இருக்கிறது. ஒட்டும்போது நேராகத்தான் இருந்தது.

கீழிறக்கை | ஜூன் 8, இரவு 9.45

இழைத் திசை. தாளுக்கு ஒரு இழை ஓட்டம் உண்டு. ஈரம் பட்டால் இழைக்குக் குறுக்கே அதிகம் விரியும், நெடுக விரிவது மிகக் குறைவு. இறக்கையின் நீளவாக்கில் இழை ஓட வேண்டும். உங்கள் தாளில் வலது இறக்கையை இடம் போதாமல் குறுக்காகத் திருப்பி வைத்திருப்பார்கள். அதனால் பசையின் ஈரம் அதை நுனிப்பக்கமாக நீட்டியது, காய்ந்தபோது ரிப் பிடித்த இடங்கள் நின்றுவிட்டன, நடுவில் இருந்த தாள் புடைத்தது.

எந்தத் தாளானாலும் அச்சடிக்கும் முன் ஓரத்தில் 3 செ.மீ. சதுரம் வெட்டி ஒரு பக்கத்தை நனையுங்கள். குழாய் மாதிரிச் சுருளும். குழாயின் நீளம் எந்தப் பக்கமோ அதுதான் இழைத் திசை. சிலிண்டர், துப்பாக்கிக் குழல், கௌலிங் (எஞ்சினைச் சுற்றியுள்ள மூடி) எல்லாவற்றுக்கும் இதே விதி: உருட்டும் அச்சு இழைக்கு இணையாக இருந்தால் மடிப்பு விழாமல் வளையும், குறுக்காக இருந்தால் பட்டை பட்டையாக முறியும்.

இப்போதைக்கு: இரண்டு பாலித்தீன் தாள்களுக்கு நடுவில் பின் விளிம்பின் கடைசி 8 மி.மீ.யை மட்டும் வைத்து, மேலும் கீழும் இரும்பு ஸ்கேல், கிளிப் போட்டு இரண்டு நாள். முழுதும் சரியாகாது, பாதிக்கு மேல் அடங்கும்.

நூல்கண்டு | ஜூன் 9, காலை 10.20

இடையில் ஒன்று. இதே மாடலை 1:48 தாளிலிருந்து பெரிதாக்கி 1:33-க்கு அச்சடிப்பவர்கள் 145.5 சதவீதம் போடுகிறார்கள், அது சரி. ஆனால் அட்டை செருகும் பள்ளங்களும் 145.5 சதவீதம் ஆகிவிடும். 1 மி.மீ. பள்ளம் 1.45 ஆகும், 1 மி.மீ. அட்டை அதில் ஆடும். ஒன்று 1.5 மி.மீ. அட்டை போடுங்கள், இல்லாவிட்டால் பள்ளங்களை வெட்டாமல் விட்டுக் கையால் 1 மி.மீ. வரைந்துகொள்ளுங்கள். சிறிதாக்கும்போது இதற்கு நேர்மாறு: 68.75 சதவீதத்தில் பள்ளம் 0.7 ஆகிவிடும், அட்டையை அழுத்திச் செருகினால் ஃபார்மர் பிளக்கும்.

அச்சடிக்கும்போது "பக்கத்துக்குப் பொருத்து" என்பதை அணைக்க மறக்காதீர்கள். ஒரு தாள் 97 சதவீதத்திலும் அடுத்தது 100-லும் வந்தால் உடல் தோல் ஃபார்மரைச் சுற்றி ஒருபோதும் மூடாது.

புதுக்கத்தி | ஜூன் 11, இரவு 8.15

அலை அடங்கிவிட்டது, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் மட்டும் தெரிகிறது. இனி மேல் இறக்கை. எதை முதலில் ஒட்டுவது? உடல் ஸ்ட்ரட்டா, வெளி ஸ்ட்ரட்டா?

கீழிறக்கை | ஜூன் 11, இரவு 9.30

கேமலின் பெரிய வசதியே இங்கேதான். மேல் இறக்கை மட்டம் என்பதால் தலைகீழாகக் கட்டலாம்.

மேசையில் மெல்லிய ஸ்பாஞ்ச் விரித்து அதன்மேல் மேல் இறக்கையைக் கவிழ்த்து வையுங்கள். ஸ்பாஞ்ச் இல்லாவிட்டால் இறக்கையின் மேல் வளைவு மேசையில் உருளும். உடலைக் கவிழ்த்து, நான்கு உடல் ஸ்ட்ரட்டையும் அதன் இடங்களில் ஊன்றி, பசை இறுகுமுன் மூன்றை அளக்க வேண்டும்.

முதலாவது, முன்தள்ளல். கீழ் இறக்கையின் முன் விளிம்பைவிட மேல் இறக்கை 18 அங்குலம் முன்னால் நிற்கும். நமக்கு 13.9 மி.மீ. இறக்கையின் குறுக்களவு 54 அங்குலம், 41.6 மி.மீ. ஆகவே சரியாக மூன்றில் ஒரு பங்கு. ஸ்கேல் கையில் இல்லாவிட்டாலும் கண்ணால் சொல்லிவிடலாம்.

இரண்டாவது, நுனியிலிருந்து வால். இடது நுனியின் முன் விளிம்பிலிருந்து வாலிலுள்ள ரடர் (திசை திருப்பும் தகடு) தூணுக்கு ஒரு நூல், வலதிலிருந்தும் அதே நூல். இரண்டும் ஒன்றாக வர வேண்டும். ஒரு மி.மீ. பிசகினால் மேலிருந்து பார்க்கும்போது விமானம் கோணிக்கொண்டு தெரியும்.

மூன்றாவது, முன்னாலிருந்து பார்க்கும்போது வால் இறக்கையும் மேல் இறக்கையும் இணையாக இருக்க வேண்டும். இதை அளக்க வேண்டாம், கண்ணே போதும், கண் கால் மி.மீ.யைக்கூடப் பிடிக்கும்.

உடல் ஸ்ட்ரட் ஒரு ராத்திரி காயட்டும். மறுநாள் வெளி ஸ்ட்ரட். எட்டையும் ஒரே மூச்சில் ஒட்டினால் ஒன்றைச் சரிசெய்யும்போது மற்றது நழுவும்.

ஸ்ட்ரட்டுக்கு வெறும் தாள் அடுக்கு போதாது, நூல் இழுக்கும்போது வில்லாக வளையும். ஊதுவத்தி எரிந்து மிஞ்சும் மூங்கில் குச்சியை உப்புத்தாளில் தேய்த்து இரண்டு பக்கமும் சப்பையாக்கி, அச்சடித்த தாளை அதன்மேல் சுற்றுங்கள். ஈர்க்குச்சி வேண்டாம். ஒரு முனை பருத்தும் மறுமுனை மெலிந்தும் இருக்கும், காய்ந்தபின் கோணும்.

ஒட்டுப்பசை | ஜூன் 12, காலை 8.40

தலைகீழ் முறை எல்லா இரட்டை இறக்கை விமானத்துக்கும் பொருந்தாது, அதையும் சொல்லிவிட வேண்டும். எஸ்.இ.5ஏ-வில் இரண்டு இறக்கைகளுக்கும் சாய்வு உண்டு. டைகர் மாத்தில் சாய்வோடு இறக்கை பின்னோக்கியும் வளைந்து போகும். அவற்றுக்கு அட்டையில் தனி ஜிக் (பிடித்து நிறுத்தும் சட்டம்) வெட்டித்தான் ஆக வேண்டும்.

புதுக்கத்தி | ஜூன் 12, மாலை 6.30

எஸ்.இ.5ஏ என்றதும் நினைவு வந்தது. அந்தக் காலத்தில் கேமல் ஓட்டிய இந்திய விமானி இந்திரலால் ராய்தானே? அவருடைய விமானத்தின் எண்களைப் போடலாம் என்று நினைத்தேன்.

ஒட்டுப்பசை | ஜூன் 12, மாலை 7.10

இல்லை. இந்திரலால் ராய் 40-ஆம் ஸ்குவாட்ரனில் ஓட்டியது எஸ்.இ.5ஏ. 1918 ஜூலையில் பத்து வெற்றிகள், அதே மாதம் 22-ஆம் தேதி வானத்திலேயே போனார். கேமல் ஓட்டியவர் ஹர்தித் சிங் மாலிக், 28-ஆம் ஸ்குவாட்ரன், 1917. தலைப்பாகைக்கு மேல் போட்டுக்கொள்ளத் தனியாகப் பெரிய தலைக்கவசம் செய்துகொண்டவர்.

ராய்க்காகச் செய்ய விரும்பினால் எஸ்.இ.5ஏ தாள் தேடுங்கள். காகிதத்துக்கு அதன் மூக்கு கேமலைவிடச் சுலபம்: சதுர ரேடியேட்டர், தட்டையான பக்கங்கள், உள்ளே சிலிண்டர் எதுவும் தெரியாது.

புதுக்கத்தி | ஜூன் 14, இரவு 9.20

கேமல் மூக்குதான் இப்போது தடை. கௌலிங்குக்கு 16 இதழ்கள். ஒட்டினால் எலுமிச்சை பிழியும் கட்டை மாதிரி வரி வரியாக நிற்கிறது. எஞ்சினும் காட்டியாக வேண்டும். தாளில் க்ளெர்ஜெ எஞ்சின் என்று போட்டிருக்கிறது, ஆனால் சிலிண்டருக்கு முன்னால் செப்புக் குழாய்கள் ஒன்பது கொடுத்திருக்கிறார்கள்.

கீழிறக்கை | ஜூன் 14, இரவு 10.50

இந்த இடத்தில் தாள் உண்மையாகவே தப்பு. செப்புக் குழாய் எடுப்பாகத் தெரிவது ல ரோன் எஞ்சினில். க்ளெர்ஜெயில் காற்றுக் குழாய்கள் சிலிண்டருக்குப் பின்னால் போகும், முன்னால் தெரிவது சிலிண்டருக்கு இரண்டு மெல்லிய தள்ளு கம்பிகள். ல ரோனில் ஒவ்வொன்றுக்கும் ஒரே கம்பிதான். இரண்டு எஞ்சின்களும் கேமலில் இருந்தன, அதனால் விருப்பப்பட்டதைச் செய்யலாம், கலக்கக் கூடாது. க்ளெர்ஜெ என்றால் செப்புக் குழாயை விட்டுவிட்டு, பதினெட்டுத் தள்ளு கம்பிகளை 0.4 மி.மீ. கம்பியில் வெட்டிக்கொள்ளுங்கள்.

சிலிண்டர்: அசலின் உள்விட்டம் 120 மி.மீ., நமக்கு 3.6. மேல் சுவரோடு 4 மி.மீ. என்று வையுங்கள். 2 மி.மீ. பின்னல் ஊசியில் 80 ஜிஎஸ்எம் தாளைச் சுற்றினால் 94 மி.மீ. நீளப் பட்டை 4 மி.மீ. கனத்தில் முடியும். ஒன்பது பட்டையையும் ஒரே நீளத்தில் முதலிலேயே வெட்டிவிடுங்கள், அப்போதுதான் ஒன்பதும் ஒரே கனம்.

குளிரூட்டும் வரிகளுக்கு ஒரு வழி: இரண்டு தையல் நூல்களைச் சேர்த்துப் பிடித்து, நீர்த்த ஃபெவிகால் தடவிய சிலிண்டரில் நெருக்கமாகச் சுற்றுங்கள். பசை இறுகுமுன் ஒரு நூலை மட்டும் பிரித்து எடுத்துவிடுங்கள். மிஞ்சிய நூல் சமமான இடைவெளியோடு வரி வரியாக நிற்கும். ஒற்றை நூலை இடைவெளி விட்டுச் சுற்றப் பார்த்தால் எந்தக் கையாலும் சமமாக வராது.

சிலிண்டருக்குச் சிலிண்டர் 40 பாகை. எஞ்சினின் மொத்த விட்டம் கௌலிங் உள்விட்டத்தைவிட 1.5 மி.மீ. குறைவாக இருக்கட்டும். இந்த எஞ்சினில் கிராங்க் விமானத்தோடு அசையாமல் நிற்கும், சிலிண்டர்கள்தான் ப்ரொப்பெல்லரோடு சேர்ந்து சுழலும். ஆகவே சுழல விட விரும்பினால் எஞ்சினையும் ப்ரொப்பெல்லரையும் ஒன்றாக ஒட்டுங்கள். ப்ரொப்பெல்லர் மட்டும் சுற்றினால் தப்பு.

கௌலிங்குக்கு இதழ்களை மறந்துவிடுங்கள். முன் வளைவுக்கு மட்டும் 1 மி.மீ. கிரே போர்டில் ஐந்து வளையம், வெளிவிட்டம் ஒன்றுக்கொன்று 1 மி.மீ. குறைத்து, ரப்பர் பசையில் அடுக்கி ஒட்டுங்கள். படிகளை ஃபெவி குயிக்கால் நனைத்து இறுக விட்டு, 220 உப்புத்தாள், பிறகு 400. இங்கே மட்டும் ஃபெவி குயிக் தேவை, அது இல்லாமல் தேய்த்தால் அட்டை பஞ்சாகப் பிரியும். மேலே நீர்த்த பசையில் டிஷ்யூ ஒரு சுற்று, காய்ந்ததும் பெயிண்ட்.

நூல்கண்டு | ஜூன் 15, காலை 7.00

ப்ரொப்பெல்லரின் முறுக்குத் திசையைப் பார்த்து வெட்டுங்கள். விமானி இருக்கையிலிருந்து பார்த்தால் அது கடிகார முள் திசையில் சுழலும். நாம் முன்னால் நின்று பார்க்கும்போது, மேல்நோக்கி நிற்கும் தகட்டின் இடது விளிம்பு நம் பக்கமாக முந்தி நிற்க வேண்டும். இதை மாற்றி வெட்டினால் விமானத்தைப் பின்னால் தள்ளும் ப்ரொப்பெல்லர் ஆகிவிடும்.

ரடரின் வண்ணப் பட்டையும்: கீல் பக்கம் நீலம், நடுவில் வெள்ளை, கடைசியில் சிவப்பு. 1930-க்குப் பிறகு வந்த பிரிட்டிஷ் விமானங்களில் இது தலைகீழ், பலர் அதைப் பார்த்து மாற்றிவிடுகிறார்கள்.

ஒட்டுப்பசை | ஜூன் 15, காலை 9.25

நிறம் பற்றியும் சொல்லிவிடுகிறேன், பிறகு சண்டை வேண்டாம். மேல்பக்கம் பூசியது பி.சி.10. மஞ்சள் காவி மண்ணும் கரியும் கலந்த நிறமி. புதிதாக இருக்கும்போது பச்சை கலந்த பழுப்பு, எண்ணெயும் வெயிலும் பட்டால் பழுப்பு தூக்கும். ஆகவே பச்சை என்பவரும் பழுப்பு என்பவரும் ஒரே விமானத்தைத்தான் சொல்கிறார்கள். அடிப்பக்கம் நிறமில்லாத வார்னிஷ் ஏறிய லினன் துணி, பழைய வேட்டியின் வெளிர்மஞ்சள். இந்த எஞ்சின் ஆமணக்கெண்ணெயைச் சுழற்றி வெளியே கக்கும், அதனால் அடி வயிற்றில் மூக்கிலிருந்து பின்னோக்கி லேசான தேன் நிறக் கறை இருந்தால் பொருத்தம்.

புதுக்கத்தி | ஜூன் 19, இரவு 8.50

மேல் இறக்கை ஏறிவிட்டது. முன்தள்ளல் 14, நுனியிலிருந்து வால் இரண்டு பக்கமும் சமம். வெளி ஸ்ட்ரட் நான்கும் எட்டிவிட்டன, வலது பின்னதில் மட்டும் 0.3 மி.மீ. இடைவெளி. நூலுக்கு மீன்பிடி நைலான் 0.2 வாங்கினேன். ஒரு நூல் கட்டியதுமே இறக்கை முறுக்குகிறது.

நூல்கண்டு | ஜூன் 19, இரவு 10.05

மீன்பிடி நைலானுக்குச் சுருண்ட ஞாபகம் உண்டு, நேராக நிற்க இழுத்தே ஆக வேண்டும், அந்த இழுப்பை தாள் தாங்காது. தையல் சாமான் கடையில் கிடைக்கும் நிறமற்ற மெல்லிய நைலான் நூல் போதும், கறுப்பு மார்க்கரில் ஒருமுறை இழுத்தால் எஃகு மாதிரித் தெரியும்.

ஒரு பக்கம் முடித்துவிட்டு மறுபக்கம் போகாதீர்கள். இடது முன் கம்பி, உடனே வலது முன் கம்பி, இப்படி ஜோடி ஜோடியாக. உடல் அடியிலிருந்து மேல் இறக்கையின் ஸ்ட்ரட் தலைக்குப் போவது பறக்கும்போது பாரம் தாங்கும் கம்பி, கேமலில் அது இரட்டை. உடல் மேலிருந்து கீழ் இறக்கையின் ஸ்ட்ரட் காலுக்கு வருவது தரையில் நிற்கும்போது தாங்குவது, அது ஒற்றை. இந்த இரண்டும் குறுக்கே எதிர்த்து இழுப்பதால் அடுத்தடுத்துக் கட்டினால் இறக்கை அசையாது. ஒவ்வொரு பக்கமும் முன் வரிசையில் மூன்று, பின் வரிசையில் மூன்று, ஸ்ட்ரட் ஜோடிக்கு நடுவில் குறுக்காக இரண்டு. மொத்தம் பதினாறு. மேல் கீழ் ஐலரான்களை (இறக்கையின் அசையும் மடல்களை) இணைக்கும் கம்பி பக்கத்துக்கு ஒன்று தனி.

துளைகளை 0.4 மி.மீ. ஊசியால் இறக்கை ஒட்டும் முன்பே போட்டிருக்க வேண்டும். இப்போது போடுவதானால் மறுபக்கம் அழிரப்பர் வைத்துக் குத்துங்கள்.

கீழிறக்கை | ஜூன் 20, காலை 6.40

அந்த 0.3 இடைவெளிக்கு ஸ்ட்ரட்டை இழுத்து ஒட்டாதீர்கள், அலையடித்த அதே வலது இறக்கை மறுபடி கோணும். 160 ஜிஎஸ்எம் தாள் 0.2, 80 ஜிஎஸ்எம் 0.1. இரண்டையும் சேர்த்து ஒட்டி, ஸ்ட்ரட் தலை அளவுக்கு வெட்டி, நடுவில் செருகுங்கள். ஓரத்துக்கு ஸ்ட்ரட்டின் மர நிறத்தையே பூசுங்கள். நூல் கட்டுவது அது காய்ந்த பிறகு.

புதுக்கத்தி | ஜூன் 20, இரவு 9.15

செருகியாயிற்று. காய்கிறது.